தறுதலை என்றால் வருவான்

ஊரில் யார், எங்கே 'தறுதலை' என்று சொன்னாலும் எண்ணி ஐந்து நொடிக்குள் அவன் வாசலில் வந்து நின்று, "கூப்பிட்டீங்களா?" என்று கேட்பான். அந்தப் பட்டத்துக்குத் தகுதியானவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அதைத் தன் பெயராக எடுத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான். செய்த குற்றமும் ஒன்றேதான்: அடுத்தவர் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப்போவான், மறுநாள் பிரேக் கட்டை மாற்றி, சக்கரத்தில் கோணல் எடுத்து, எண்ணெய் விட்டுக் கொண்டுவந்து நிறுத்துவான். அடித்துப் பார்த்தார்கள், அழுது பார்த்தார்கள், சீர்திருத்தப் பள்ளியில் இரண்டு வருடம் போட்டுப் பார்த்தார்கள். விடுதலையான அன்று அங்கிருந்த கண்காணிப்பாளரின் சைக்கிளில்தான் வீட்டுக்கு வந்தான். அப்பா அவனைத் திட்ட அந்தச் சொல்லைச் சொன்னார். அம்மா சாப்பிடக் கூப்பிடவே அதைத்தான் சொன்னாள். அகராதியில் அதற்குத் 'திருத்த முடியாதவன்' என்று ஒரே பொருள். அந்த வீட்டில் குறைந்தது நாலு இருந்தது. பிறகு அதே சைக்கிள் வழக்கில் ஆறு மாதம் சிறையில் இருந்தான். வெளியே யாராவது சொல்லும்போதெல்லாம் பூட்டு திறக்காமலே போய்வந்தான். கைதிகளின் எண்ணிக்கை நாளுக்கு நாலு தடவை குறைவதாகச் சிறை அதிகாரி நகராட்சிக்குக் கடிதம் எழுதினார். நகராட்சி அந்தச் சொல்லைத் தடைசெய்து தெருமுனைகளில் பலகை வைத்தது. இனி 'திருத்தத்துக்கு அப்பாற்பட்டவர்' என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டது. அப்படிச் சொன்னபோது யாரும் வரவில்லை.

முப்பத்தோராம் வயதில், யாருடைய சைக்கிளையோ பழுது பார்த்துவிட்டு, பிரேக் பிடிக்கிறதா என்று சரிவில் ஓட்டிப் பார்க்கப் போய், லாரியில் மோதிச் செத்தான். அடக்கம் முடிந்து திரும்பிய அக்கா, வாசலில் கிடந்த அவன் செருப்பைப் பார்த்து, "தறுதலை, எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்றாள். "கூப்பிட்டியாக்கா?" என்று குரல் வந்தது. கதவருகே கிரீஸ் படிந்த இரண்டு கைகள் மட்டும் இருந்தன. ஒரு வாய் மட்டும் கூப்பிட்டால் அவ்வளவுதான் அவனால் வர முடிந்தது. ஒன்பது வருடம் அந்தக் கைகளோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். பள்ளிகளுக்கான சொற்பட்டியல் புதிய பதிப்புக்கு வந்தபோது, நகராட்சி அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து அனுப்பியிருந்தது. பிள்ளைகள் அதைப் படிக்காவிட்டால், அவளுக்குப் பிறகு அவனைக் கூப்பிட ஒரு வாயும் மிஞ்சாது. இருபத்தாறு வருடத்தில் ஒரு பிழையையும் தப்பவிடாதவள், அடித்த சொல்லுக்குக் கீழே, அடித்தது செல்லாது என்பதற்கு அடையாளமாக வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினான்கு பள்ளிகளில் பிள்ளைகள் அதை உரக்க வாசித்த காலையில், பதினான்கு வாசலிலும் அவன் உள்ளங்கால்வரை முழுசாக வந்து நின்றான். நண்பகலுக்குள் அந்தப் பள்ளிகளில் கிரீச்சிடுகிற சைக்கிள் ஒன்றுகூட இல்லை.

அச்சக முதலாளி புத்தகத்தை அவள் மேஜையில் ஓங்கிப் போட்டார்.

"கண்ணு தெரியலையாம்மா? இல்ல, வேணும்னே விட்டீங்களா?"

"வேணும்னேதான் சார். அடுத்த பதிப்பு வந்தாலும் விடுவேன்."

"செத்தும் அடங்காத தம்பி, தலை நரைச்சும் அடங்காத அக்கா. குடும்பமே தறுதலை!"

"கூப்பிட்டீங்களா?" என்று இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று வாசலிலிருந்து, மற்றது எதிர் நாற்காலியிலிருந்து.

முதலாளி வாசல் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"வெளிய என் சைக்கிள் நிக்குது. செயின் கழண்டுக்கிட்டே இருக்கு. என்னன்னு பாரு."