போர் திரும்பிய இடம்

"நாங்க இங்க ஜெர்மன்காரன் கதையை முடிக்கலைன்னா நீ குர்ஸ்க்குக்கு எந்த வழியா போயிருப்பே? சொல்லு பார்ப்போம்."

"முடிச்சிட்டீங்களாக்கும். அப்போ அடுத்த கோடையில அத்தனை டாங்கியோட வந்து நின்னது யாரு, உங்க சித்தப்பனா?"

மூன்றாம் மாடி ஜன்னல் திறந்திருந்தது. வோல்காவில் போகிற படகுக்காரனுக்கே கேட்டிருக்கும்போது, கீழே முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கீழ்வீட்டு க்ளாவ்தியாவுக்குக் கேட்காதா? ஒரே போர்வையை மூன்றாவது முறையாக உதறிக்கொண்டிருந்தாள் அவள்.

முதல் குரல் ப்ரோகோருடையது. நுரையீரல் கைவிட்டுவிட்டது, இனி வீட்டிலேயே இருக்கட்டும், கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அவர் கோழிச்சாறும் கேட்கவில்லை, பாதிரியாரையும் கேட்கவில்லை. எதிர்வீட்டு யெஃபீமைக் கூப்பிடு என்றார்.

மகள் ராயிசா சமையலறையில் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரில் டிராலிபஸ் ஓட்டும் ஆர்கதி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யெஃபீமின் மகன்.

"இன்னிக்காவது உங்கப்பா விட்டுக்கொடுக்கக் கூடாதா?" என்றாள் ராயிசா, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்கப்பா விட்டுக்கொடுக்கலாமே."

"எங்கப்பா சாகக் கிடக்கிறார், ஆர்கதி."

"சத்தத்தைக் கேட்டா அப்படித் தெரியலையே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்குச் சத்தம் இருக்கிறவரை உயிர் இருக்கிறது என்று அவளும் காலையிலிருந்து நம்பிக்கொண்டிருந்தாள்.

சங்கதி இதுதான். ஏழு வருடத்துக்கு முன்பு ஆர்கதி பெண் கேட்டு வந்தபோது ப்ரோகோர் வாயெல்லாம் பல்லாக அவனைக் கட்டிக்கொண்டார். மூன்று கோப்பை வோட்காவுக்குப் பிறகு நிபந்தனை போட்டார். யுத்தம் திரும்பியது இந்த ஊரில்தான், ஸ்டாலின்கிராடில்தான் என்று உன் அப்பன் தன் வாயால் சொல்லட்டும், மறுநாளே கல்யாணம். ப்ரோகோர் இடிந்த வீடுகளுக்குள் மாடிக்கு மாடி சண்டை போட்டவர். யெஃபீமோ குர்ஸ்க்கில் பீரங்கியோடு நின்று, ஒரு காதின் கேட்கும் சக்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். போர் திரும்பியது குர்ஸ்க்கில்தான் என்று ப்ரோகோர் முதலில் சொல்லட்டும் என்றுவிட்டார்.

பதிவு அலுவலகத்துக்குப் போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள், இதற்கு எந்தக் கிழவனின் சம்மதமும் வேண்டாம் என்று கட்டடத்தில் எல்லாரும் சொல்லிப் பார்த்தாயிற்று. தாயில்லாமல் வளர்த்தவர் வந்து நின்று வாழ்த்தாத கல்யாணம் எனக்கு வேண்டாம் என்பாள் ராயிசா. அப்படியே அவளுக்கு இடுப்பு பெருத்தது, ஆர்கதிக்கு நெற்றி ஏறியது. ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் ஆற்றங்கரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நடந்தார்கள். எத்தனை ஐஸ்கிரீம் என்றுகூட க்ளாவ்தியாவால் சொல்ல முடியும்.

ஆர்கதி எழுந்தான். "நான் பேசிப் பார்க்கிறேன்."

உள்ளே கட்டில் ஒரு போர்க்களமாகியிருந்தது. மெத்தையின் மடிப்பு வோல்கா. ப்ரோகோரின் முழங்கால் நகரத்துக் குன்று. மருந்துச் சீசாக்கள் இரு தரப்பு டாங்கிகள். குர்ஸ்க்குக்கு இடம் போதாமல் யெஃபீம் அதை ப்ரோகோரின் வயிற்றின்மேல் அமைத்திருந்தார். ப்ரோகோர் மூச்சு விடும்போதெல்லாம் டாங்கிகள் சரிந்தன.

"அசையாதேடா, என் படையைக் கவிழ்க்கிறே."

"என் வயிறு, நான் அசைப்பேன்."

ஆர்கதி குனிந்து தன் அப்பாவின் நல்ல காதில் ஏதோ சொன்னான். யெஃபீமின் கை ஒரு சீசாவின்மேல் அப்படியே நின்றது. அவர் ப்ரோகோரைப் பார்த்தார். இவ்வளவு நேரம் சண்டை பிடித்தவரின் உதடு நீலம் பாரித்திருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"சரிடா," என்றார். "இங்கதான் திரும்பிச்சு. ஸ்டாலின்கிராட்லதான்."

ராயிசா தட்டோடு வாசலுக்கு வந்து நின்றாள். ப்ரோகோர் கண்ணை மூடினார். நிம்மதியாகத்தான் மூடினார் என்று அவள் நினைத்தாள். திறந்தபோது அந்தக் கண்ணில் நெருப்பு இருந்தது.

"நான் சாகப் போறேன்னு பிச்சை போடறியா?"

"இல்லடா."

"பொய் சொல்றே. இங்க தோத்த அடுத்த மாசமே கார்க்கோவைத் திருப்பிப் பிடிச்சானா இல்லையா? அப்புறம் எப்படி இங்க திரும்பியிருக்கும்? குர்ஸ்க்குக்கு அப்புறம் நம்ம பக்கம் ஒரு தடவையாவது அவனா ஏறி வந்தானா? சொல்லுடா. முதுகெலும்பு ஒடிஞ்சது உன் குர்ஸ்க்லதான்."

"உளறாதே," என்று யெஃபீம் எழுந்தேவிட்டார். "ஒரு முழுப் படையையே இங்க மூட்டை கட்டினீங்க. அவங்க தளபதியே பாதாள அறையிலிருந்து கையைத் தூக்கிட்டு வந்தான். அதுக்கப்புறம் அவனுங்க தூங்கியிருப்பானுங்களா?"

"குர்ஸ்க்."

"ஸ்டாலின்கிராட்."

ராயிசா தட்டைக் கீழே வைத்தாள். "அப்போ ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாச்சு."

"யார் ஒத்துக்கிட்டா?" என்று இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"கல்யாணம், அப்பா," என்றாள் ராயிசா.

ப்ரோகோர் அவளை விநோதமாகப் பார்த்தார். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பண்ணிக்க வேண்டியதுதானே. ஏழு வருஷமா என்னத்துக்கு இழுத்தடிக்கிறீங்க?"

ஆர்கதி சுவரில் சாய்ந்துவிட்டான். ராயிசா அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள், ஆர்கதியின் கன்னத்தில் முத்தமிட்டாள், எப்போதோ மேலே வந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த க்ளாவ்தியாவுக்கும் மறதியாக ஒன்று கொடுத்தாள். ப்ரோகோர் ஒரு துண்டு தர்பூசணி தின்று, கொட்டைகளை வோல்காவில் துப்பினார். சண்டை தொடர்ந்தது.

சாயங்காலம் யெஃபீம் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். ஆர்கதி போய் அவர் தோளைத் தொட்டான்.

"அப்பா, வாங்க."

"இருடா," என்றார் யெஃபீம். "யோசிக்கிறான்."

ராயிசா ஜன்னலைச் சாத்தப் போனாள், சாத்தாமலே நின்றாள்.

ப்ரோகோரின் இறுதிச்சடங்கு விருந்துக்கு முற்றத்தில் மேசைகளை நீளமாகச் சேர்த்துப் போட்டார்கள். தேன் கலந்த கோதுமைச் சோறு, மெல்லிய அப்பம், உப்புத் தக்காளி. பதக்கங்களைச் சிவப்புத் தலையணைகளில் குத்தி எடுத்துப்போய், அவரைப் புதைத்துவிட்டு வந்தவர்களுக்கு நல்ல பசி. போர்வீரர் சங்கத்திலிருந்து வந்த கனத்த மனிதர் எழுந்து, எதிரியின் அலை திரும்பியது உண்மையில் மாஸ்கோ வாசலில்தான் என்றும், தானும் அன்று அங்கே இருந்ததாகவும் அடக்கத்தோடு சொன்னார்.

மேசையின் கோடியில் ஒரு நாற்காலி பின்னால் விழுந்தது.

"யார் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என்ன பேச்சுய்யா பேசறே?" என்றார் யெஃபீம். "இங்க திரும்பிச்சு. இந்த ஊர்ல. வேணும்னா படுத்திருக்கிறவனை எழுப்பிக் கேளு, குர்ஸ்க்னு பொய் சொல்லுவான், நம்பாதே."

ராயிசா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, தலைத்துணி நழுவுகிற அளவு சிரித்தாள். அப்பாவைப் புதைத்த அன்று இப்படியா என்று க்ளாவ்தியா முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளும் அடக்க முடியாமல் அப்பத்தால் வாயை அடைத்துக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் சடங்கு கழிந்து, ஆறு உறைவதற்கு முன் கல்யாணம் நடந்தது. யெஃபீம் வாழ்த்துரையை இரண்டு முறை சொன்னார், ஒன்று தனக்காக, ஒன்று ப்ரோகோருக்காக. இரண்டாவது நீளமாக இருந்தது. ஆர்கதிக்கு சராத்தோவ் நகரத்துக்கு வேலை மாற்றல் கிடைத்து இருவரும் போய்விட்டார்கள். ப்ரோகோரின் வீட்டுக்கு போரில் வடதுருவக் கடலில் கப்பல் படையில் இருந்த, மனைவியை இழந்த ஒருவர் குடிவந்தார். க்ளாவ்தியா அவருக்குச் சூப் கொண்டுபோய்க் கொடுப்பதாகக் கேள்வி.

வசந்தத்தில் ராயிசா மாமனாரைப் பார்க்கத் தனியாக வந்தாள். முற்றத்துப் பாப்ளார் மரங்களைத் தாண்டும்போதே குரல்கள் கேட்டன.

"கடல் வழியா சாமான் வரலைன்னா நீங்க எதைத் தின்னு சண்டை போட்டிருப்பீங்க?"

"தண்ணியில மிதந்தவனெல்லாம் யுத்தத்தைப் பத்திப் பேச வந்துட்டான்."

அவள் பையை ஒரு மரத்தடியில் வைத்தாள். உடனே மேலே போகவில்லை.