அரைக்கல் சுவரில் ஒரு வளையம்

…இவ்வளவு சுலபமாகப் போகக் கூடாதே, செங்கல் என்றால் கொஞ்சமாவது முரண்டு பிடிக்க வேண்டாமா, நைந்த துணியில் ஊசி இறங்குவது போல டிரில் மிஷின் உள்ளே போய், திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் ஆகி, ஏணிமேல் நின்ற தையல்காரனைச் சுவரோடு மோத வைத்தது. மிஷினை அணைத்தான். பிட்டை உருவியதும் ஓட்டையில் ஒரு பொட்டு வெளிச்சம். அய்யோ, அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கம் என்றால் அண்ணன் வீட்டு முற்றம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணி துணி உலர்த்தும் நேரம்… காரை யார் தலையிலாவது விழுந்திருந்தால்? கண்ணில் பட்டிருந்தால்? விழுந்திருந்தால் இந்நேரம் கத்தியிருப்பார்கள், அண்ணிக்குக் கத்தச் சொல்லியா கொடுக்க வேண்டும்… ஆனால் சத்தமே இல்லை, சத்தம் வந்தால் கூடப் பரவாயில்லை. நாலரை அங்குல அரைக்கல் சுவர் என்று தெரியாதா உனக்கு, அங்குலத்துக்குச் சண்டை போட்டவனே நீதானே? அப்பா போனபின் வீட்டை நடுவில் பிரித்தபோது கொத்தனார் தலைதலையாக அடித்துக்கொண்டார், ஒருகல் சுவர் வையுங்கள், இல்லாவிட்டால் நிற்காது என்று, ஒருகல் என்றால் கூடுதல் கனம் யார் இடத்தில் வரும்? என் இடத்தில் வராது என்றார் அண்ணன், என் இடத்தில் மட்டும் வருமா என்றான் இவன், கடைசியில் அரைக்கல்லில் எழுப்பி, ஒருவர் மூஞ்சி ஒருவருக்குத் தெரியக் கூடாதென்று பன்னிரண்டு அடி உயர்த்தி, விழாமல் இருக்க நடுநடுவே தூண் கொடுத்தார்கள். உலகத்தில் எந்த மடையனாவது இப்படி ஒரு சுவர் கட்டுவானா? இரண்டு மடையர்கள் சேர்ந்தால்தான் முடியும்.

வளையம் மாட்டிய பலகையின் அகலத்தை டேப் வைத்து அளந்தான், தரையிலிருந்து வளையத்துக்குப் பத்தடி என்று மகள் சொன்னதை அளந்தான், சுவரின் கனத்தை அளக்கத் தோன்றவில்லை, துணிக்கு ஏது கனம், தையல்காரன் புத்தி அவ்வளவுதான்… மகளும் அவள் அம்மாவும் பந்து வாங்கப் போயிருக்கிறார்கள், வரும்போது வளையம் தொங்க வேண்டும், பள்ளிக் கூடைப்பந்து அணியில் எடுத்த நாளிலிருந்து அவள் தூக்கத்தில் கூட மணிக்கட்டை மடக்குகிறாள். பெரியப்பா மகளும் அதே அணி, பள்ளியில் சேர்ந்து ஆடிவிட்டு, தெருமுனையில் பிரிந்து, ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் வழியாக வருகிறார்கள், பாவம். இப்போது அண்ணன் வாசலுக்கு வந்து நின்றால் என்ன சொல்வது? உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், வந்தால் சண்டைக்குத்தான் வருவார், அவர் சுவரையும் ஓட்டை போட்டாகிவிட்டதே, பாதி அவருடையது… பயமாகத்தான் இருந்தது. வரட்டும் என்றும் இருந்தது. அதை நினைத்ததும் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அந்தப் பக்கம் ஏதோ தரதரவென்று இழுபட்டது. ஏணி. சுவரில் சாய்த்த அதிர்ச்சி இவன் உள்ளங்கைக்கு வந்தது, ஒவ்வொரு படியாக யாரோ ஏறும் முனகல், அந்த மூச்சு, சளி பிடித்த அந்த மூச்சு, ஒரே பாயில் படுத்துக் கேட்ட மூச்சு. வெளிச்சப் பொட்டு மறைந்தது. இவன் முகத்தைத் தள்ளிக்கொண்டான், கண்ணை வைத்துப் பார்க்கிறாரா, கம்பியால் குத்தப் போகிறாரா?

"எத்தன ஓட்ட போடப் போற?"

"நாலு" என்றான், தன் குரலா அது?

"புள்ளைக்கா?"

"ம்."

"வெறும் ஆணில நிக்காது. அதுங்க தொங்கும். முழு நீள போல்ட்டா போடு, இந்தப் பக்கம் நான் பிளேட்டு வெச்சு நட்டு புடிக்கிறேன்."

அதுங்க என்றாரா? ஒருத்தி இல்லையா, அதுங்களா… அவர் மகளும் சேர்த்தியா? அண்ணன் லேத் பட்டறைக்காரர், இரும்புக்கு அவரிடம் பஞ்சமா, நீள போல்ட்டுகளைச் சுவருக்கு மேலாகப் பொட்டலமாக வீசினார். ஓட்டைகள் போட்டான். முதல் போல்ட், இவன் அதன் தலையை முறுக்க, அந்தப் பக்கம் ஸ்பேனர் நட்டைச் சுழலவிடாமல் பிடித்தது, "போதும்" என்றார் அண்ணன். இரண்டாவது, "போதும்." மூன்றாவதும் அப்படியே, வேறு ஒரு வார்த்தை இல்லை, வேலைக்கு வந்த ஆள் போல… இது முடிந்தால்?

நாலாவதை மெதுவாக முறுக்கினான். முடிந்தால் ஏணியை இழுத்துக்கொண்டு போய்விடுவார், இவன் என்ன சொல்வான், நன்றியா, கூடப் பிறந்தவருக்கா? அண்ணே என்று தொண்டை வரை வந்தது, இவ்வளவு வருஷம் சொல்லாத வார்த்தை எச்சிலோடு இறங்கிவிட்டது. போல்ட் இறுகிவிட்டது, தெரிகிறது, இனி திருப்பினால் பூச்சு நொறுங்கும், அரைக்கல் சுவர் எவ்வளவுதான் தாங்கும்? பலகை ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல் ஓடியது. அந்தப் பக்கத்திலிருந்து "போதும்" வரவில்லை. நாளெல்லாம் போல்ட் முறுக்குகிற மனுஷனுக்கா தெரியாது, இவனைவிட அவர் கைக்கல்லவா முதலில் தெரிந்திருக்கும்… அப்படியானால் ஏன் சொல்லவில்லை? இன்னும் கால் சுற்று திருப்பினான். காரை பொலபொலவென்று உதிர்ந்தது. ஸ்பேனர் பிடியை விடவில்லை.