கதவோரம் சாய்ந்த மாஸ்டர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் எப்போதும் கதவுப் பக்கம் சாய்ந்தே உட்காருவார். நம் ஓட்டுதலுக்குப் பயந்து குதிக்கத் தயாராக இருக்கிறார் என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள் நினைத்துக்கொண்டு ஒழுங்காக ஓட்டினார்கள். அவரும் மறுக்கவில்லை.

உண்மையில் ஆசனவாயைச் சுற்றி ஏழு வருடமாக ஒரு வளர்ச்சி. பட்டாணியாக இருந்தபோது மூலம் என்று தானே முடிவுகட்டிக் களிம்பு தடவினார். இப்போது அது காலிஃபிளவர். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

அவரிடம் வந்தவர்களிலேயே மோசமான மாணவி, ஓர் அறுவை சிகிச்சை டாக்டர். ஒருநாள் வேகத்தடையில் காரைத் தூக்கிப் போட்டதில் மாஸ்டர் துடித்துப்போனார். டாக்டர் வண்டியை ஓரங்கட்டினார், முதல்முறையாக ஒழுங்காக. எத்தனை நாளாக என்று கேட்டார். சூட்டுக்கட்டி என்று மழுப்பினார் மாஸ்டர்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. அங்க நான் சொல்றதை நீங்க கேட்கணும்."

வெட்கத்தைவிட்டு மறுநாள் போனார். ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, கிருமியால் வரும் மரு, இவ்வளவு பெரிதாவது அபூர்வம், விட்டுவைத்தால் புற்றாக மாறலாம், முழுசாக வெட்டியெடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

வீட்டில் சொன்னபோது, தையல்காரியான மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"தொப்பைன்னு நினைச்சு வருஷா வருஷம் பேண்ட்டைப் பிரிச்சுத் தச்சேன். நீங்க பின்னாடி தோட்டமே போட்டிருக்கீங்க."

அதைச் சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள்.

முதுகில் ஊசி போட்டுக் குப்புறப் படுக்கவைத்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வாய் மட்டும் சும்மா இல்லை.

"டாக்டரம்மா, ஸ்டியரிங் பிடிச்ச அதே கைதானே இது?"

"இது வேற ரோடு, மாஸ்டர். பேசாம படுங்க."

மூன்று மணி நேரம் ஆயிற்று. வெட்டிய இடத்தைப் பக்கத்துத் தோலையும் சதையையும் நகர்த்தி மூடித் தைத்தார்கள். தையலை மறுநாள் பார்த்த மனைவி, நெருக்கமாக, நேராக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். அவள் அப்படி யாரையும் எளிதில் மெச்சுபவள் அல்ல. மூன்று வாரம் மாஸ்டர் குப்புறவே கிடந்தார். அதற்குள் வேறொருவரிடம் ஓட்டப் பழகிய டாக்டர் ஓட்டுநர் தேர்வில் தோற்றார். அதைக் கேட்டு மாஸ்டருக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மறுபடி முளைக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது மாதம் ஒரு காலை, குளித்துவிட்டு வந்தவர் வாசற்கதவைத் தாழிட்டார்.

"இங்க ஏதோ நெருடுது. கொஞ்சம் பாரேன்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு டார்ச்சை எடுத்து வந்தாள்.