நாலாவது மாடிக்குப் போகும் தாத்தா

“அண்ணா, அக்கா கேமை ஆடி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

கதை எழுத அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே, கேமுக்குப் படம் வரையும் ஓவியர் எச்சரித்திருந்தார்: “அண்ணன்கிட்ட எதை வேணா கேளு. பேசாம இருங்கன்னு மட்டும் கேட்டுடாதே.” கேட்டுவிட்டாள்.

மூன்றே பேர் சேர்ந்து செய்யும் சின்ன வீடியோ கேம் அது. ஆடுபவர்தான் ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்டை ஓட்ட வேண்டும். அண்ணன் என்று எல்லாரும் கூப்பிடும் உரிமையாளருக்கு ஒரு பழக்கம். யார் ஆடிப் பார்க்க வந்தாலும் நாற்காலிக்குப் பின்னால் நின்று, “இடது பக்கம்... இன்னும் மேல... அதான், அமுக்குங்க!” என்று ஓதிக்கொண்டே இருப்பார். வந்தவர்களும் முடித்துவிடுவார்கள். “பாத்தியா, எவ்வளவு சுலபம்!” என்று பூரித்துப்போவார்.

“இதுவரைக்கும் ஆடினது பூரா நீங்கதான். அவங்க விரலை மட்டும் இரவல் குடுத்தாங்க,” என்றாள் அவள்.

பெரியவர்களிடம் பணிந்து போ என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பரம்பரையிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கியது பணிந்து போவதற்கா என்பது அவள் கட்சி.

அண்ணனின் சொந்த அக்கா, ஆஸ்பத்திரி நர்ஸ், சுழல் நாற்காலியில் அமர்ந்தபடி சிரித்தார். “இவனை அடக்க எங்க அம்மாவாலயே முடியலை. நடத்தும்மா.”

“சரி,” என்றார் அண்ணன். “உன்னோட கட்டம் வரும்போது நீயும் மூச்சு விடக் கூடாது.”

அண்ணன் அமைத்த முதல் கட்டத்தில், லிஃப்டைக் கிளப்ப அமுக்க வேண்டிய மணி எங்கே இருக்கிறதென்றே அக்காவுக்குத் தெரியவில்லை. சுவர்ப் படத்தை அமுக்கினார். பூந்தொட்டியை அமுக்கினார். அண்ணன் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில், “மணி கண்ணுலயே படலையேடா,” என்று அக்கா கையை விரிக்க, அவர் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் மழுப்பவில்லை. “மங்கலாத்தான் வெச்சிட்டேன்,” என்றார்.

அடுத்தது அவள் கட்டம். தொடக்கத்தில் நீளமாக ஒரு முன்கதை, அவள் எழுதியது. அந்தத் திரையை அவள் அப்பா போனில் படம் பிடித்து, தன் தையல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் “எங்க பொண்ணு எழுதினது” என்று காட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா டக் டக்கென்று தட்டி அத்தனையையும் தாண்டினார். ஒரு வரி படிக்கவில்லை.

‘படிங்களேன்!’ தொண்டை வரை வந்துவிட்டது. அண்ணன் புருவத்தை உயர்த்தினார். விழுங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில், லிஃப்டில் ஏறிய ஒரு தாத்தாவைப் பார்த்து அக்காவின் விரல் நின்றது.

“இந்தத் தாத்தா இருக்கிறது ரெண்டாவது மாடி. தினம் நாலாவதுக்குப் போறாரு. கதவு திறந்ததும் எட்டிப் பாக்குறாரு, இறங்காமலே திரும்பிடுறாரு. ஏன்?”

“முன்கதையிலயே அதைத்தான்...” என்று ஓவியர் ஆரம்பித்தார்.

“சொல்லாதே! இரு, எதிர்க்க ஒரு பேர்ப்பலகை தெரியுதே. அடடா, இவர் தலைக்கு மேல வர்ற அதே பேர்தானே? அப்போ அது இவரோட பழைய வீடா?” அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “பாவம்டா.” திரும்பவும் அவரை ஏற்றிக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனார்.

அவளுக்குள் இருந்த எரிச்சல் சட்டென்று அணைந்தது. படித்திருந்தால் அக்கா இதைக் கேட்டிருக்கவே மாட்டார். முன்கதை என்ற பெயரில், அவளும்தான் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஓதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அக்கா போனதும் அண்ணன் சமாதானமாகச் சொன்னார்: “நல்ல எழுத்தும்மா. பாதியாவது வெச்சுக்கலாம். ராத்திரி யோசிச்சிட்டு நாளைக்குச் சொல்லு.”

“யோசிக்க ஒண்ணுமில்லண்ணா. அக்கா செருப்பு மாட்டும்போதே முன்கதை மொத்தத்தையும் தூக்கிட்டேன்.” பையைத் தோளில் மாட்டினாள். “நாளைக்கு எங்கப்பாவைக் கூட்டிட்டு வரேன். அவர் ஆடட்டும். நீங்க மணியை மட்டும் கண்ணுல படுற மாதிரி வைங்க.”

“நாளைக்கும் நான் பேசக் கூடாதா?”

“நாம ரெண்டு பேருமே.”

கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினாள்.