வானம் விழுங்கிய செய்தி

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவின் ஏரியல் கம்பிக்கு ஒரு முனை தமிழ்த் தெருப் புளியமரத்தில், மறுமுனை தெலுங்குத் தெருத் தென்னையில். 1957-ல் எல்லைச் சண்டை சூடாக இருந்தபோது, ரேடியோ ஒரே தெருவுக்குச் சொந்தமாகிவிடக் கூடாதென்று இரண்டு தெருவும் கூடிச் செய்த ஏற்பாடு. பெட்டிக்குக் காவல் கோவர்த்தனன், அதாவது நான். இரண்டு பக்கமும் வசவு வாங்கும் உத்தியோகம்.

அந்த வருஷம் ஒரு நாள், நகரியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் எது மெட்ராஸுக்கு, எது ஆந்திராவுக்கு என்று மத்தியான டில்லிச் செய்தியில் சொல்லப்போவதாகப் பேச்சு. உச்சி வெயிலில் ஊரே பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்றது. “சித்தூர் ஜில்லா...” என்று குரல் ஆரம்பித்தது. தேய்ந்தது. காணோம்!

தமிழ்த் தெரு தென்னைக்கு ஓடியது, தெலுங்குத் தெரு புளியமரத்துக்கு. அடுத்தவன்தான் கம்பியை அறுத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. நானே இரண்டு மரமும் ஏறிப் பார்த்தேன். கம்பி ஜம்மென்று இருந்தது. உடனே இரண்டு தெருவும், கம்பி கட்டிய நாளுக்குப் பிறகு முதல்முறையாக ஒன்று சேர்ந்தன, என் கழுத்தைப் பிடிக்க.

“எவன் கிட்ட வாங்கித் துன்ன? பொட்டிய இன்னாடா பண்ண?” என்றார் தமிழ்த் தெரு ஏகாம்பரம்.

“ஏமய்யா, ஊர விட்டே தொரத்திடுவேன்!” என்றார் தெலுங்குத் தெரு ரங்கையா.

பயம்தான். ஆனால் பயத்தைவிட ஆச்சரியம் பெரிதாக இருந்தது. பெட்டிக்குள் வால்வு பல்பெல்லாம் எரிகிறது. பக்கத்து மெட்ராஸ் ஸ்டேஷன் கணீரென்று பாடுகிறது. சிற்றலையில் வரும் தூரத்து ஸ்டேஷன்கள் மட்டும், டில்லி, கொழும்பு, அத்தனையும் ஊமை. ஒன்று செத்தால் சரி, எல்லாமா சாகும்?

திருப்பதி காலேஜ் பொருட்காட்சியில் கேட்டது ஞாபகம் வந்தது. தூரத்துக் குரல், வானத்து உச்சியில் மின்னேற்றத் துகள்கள் பரவிய அடுக்கில் முட்டித் திரும்பி நம்மிடம் வருகிறதாம். சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால், அதன் கதிர் பட்டு அந்த அடுக்குக்குக் கீழே துகள்கள் எக்கச்சக்கமாகப் பெருகி, அலையையே விழுங்கிவிடுமாம். பக்கத்து ஸ்டேஷன் தரையோடு வருவதால் தப்பிக்குமாம். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும் என்றார்கள். கேட்டபோது நான் பாதிதான் நம்பினேன்.

“பொட்டியும் நல்லாக்கீது, கம்பியும் நல்லாக்கீது. சூரியன் வெடிச்சிருக்கு” என்றேன்.

ஊரே சிரித்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

“சிரிங்க! எவனும் எதையும் தொடாதீங்க. ஒரு மணிக்குள்ள தானா வரலன்னா, மூட்ட கட்டிக்கினு நானே போயிடறேன்.”

சொன்ன பிறகுதான் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டேகால்.

அடுத்தவன் கம்பியைத் தொட்டுவிடக் கூடாதென்று இரண்டு தெருக்காரர்களும் கலந்து உட்கார்ந்தார்கள். ரங்கையா ஏகாம்பரத்தின் கையையே பிடித்துக்கொண்டார். பன்னிரண்டரை ஆயிற்று. முக்கால் ஆயிற்று.

“வெடிச்சா சத்தம் கேக்காதா?” என்று ரங்கையா மெல்லக் கேட்டார்.

“அவ்ளோ தூரத்துல இன்னாய்யா கேக்கும்?” ஏகாம்பரமே பதில் சொன்னார், இன்னொரு கையால் வெயிலை மறைத்து அண்ணாந்து பார்த்தபடி.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெட்டி கரகரத்தது. யாரும் தொடவில்லை. ஒரு குரல் ஈனஸ்வரத்தில் எழுந்து, மெல்லத் தெளிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டில்லி ஏதோ பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. செய்தி எப்போதோ முடிந்திருந்தது.

“அப்ப நம்ம ஊரு எந்தப் பக்கம்?” என்றார் ஏகாம்பரம்.

“சாயந்தரச் செய்தியிலதான் தெரியும்.”

யாரும் எழுந்து போகவில்லை. ரங்கையா வீட்டிலிருந்து எல்லாருக்கும் மோர் வந்தது. அன்று சாயந்தரம்வரை எங்கள் ஊர் எந்த ராஜ்யத்திலும் இல்லை. அதுவரை சண்டையும் இல்லை.