சிவப்பு பல்பின் கீழே

ஒகுஸ்த்துக்கு வலது கண் முன்பே போய்விட்டது. இடது கண்ணில் அறுவை முடிந்து வீடு திரும்பியதும் ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொன்னார். கறுப்புக் கண்ணாடி போட்டால் போதும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஒகுஸ்த் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். உத்தரவு தன் வாயிலிருந்து வந்தால்தான் அது உத்தரவு. பட்டப்பகலில் அறை இருண்டது. மனைவி மார்கரீத் அந்த அறையை விட்டு நகரவும் கூடாது.

பாரிசிலிருந்து மகள் அனைஸ் அனுப்பிய புத்தக மெஷின் மார்கரீத்தின் மடியில் கிடந்தது. சிலேட்டைவிடச் சின்னது, உள்ளே ஒரு அலமாரி நாவல்கள். செல்போன் மாதிரி ஒளிரும் என்று நினைத்திருந்தாள்.

"அது காகிதம் மாதிரி மம்மா, தானா எரியாது. நீதான் வெளிச்சம் காட்டணும்" என்றாள் அனைஸ் போனில்.

டார்ச் அடித்தால் நடுவில் ஒரு வட்டம் மட்டும் வெளுத்து எழுத்து மறைந்தது. செல்போனைத் தூக்கிப் பிடித்தால் ஒரு பத்தி முடிவதற்குள் அணைந்தது. பார்சலில் கூடவே வந்த கவ்வு விளக்கை மெஷின் விளிம்பில் மாட்டியதும் ஒகுஸ்த் சுவர்ப்பக்கம் புரண்டு கத்தினார்.

"இந்தக் கண்ணும் போனாத்தான் உனக்கு நிம்மதியா?"

அவர் பொறுத்துக்கொண்ட ஒரே வெளிச்சம் இருதய ஆண்டவர் படத்தடியில் எரிந்த சிவப்பு பல்பு. நாற்காலியை அங்கே நகர்த்தினாள். எழுத்து தெரிந்தது. பக்கம் திருப்பும் பொத்தான் டிக்கென்றது.

"செபமாலையா?" என்றார் ஒகுஸ்த், சுவரைப் பார்த்தபடி.

"ம்."

மாலையில் மகளிடம் போனில், தமிழில் பிரெஞ்சு கலந்து சொன்னார்: "உங்கம்மா கன்னியாஸ்திரி ஆயிட்டா, மா ஃபீய். பொழுதன்னிக்கும் எனக்காக மணி உருட்டறா. கண்ணு தெரியலன்னா டாக்டர் தப்பு. தெரிஞ்சுதுன்னா உங்கம்மா செபம்." சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அதற்குமேல் உண்மையைச் சொல்ல மார்கரீத்துக்கு வாய் வரவில்லை.

மறுநாள் நாவலில், ஓடிப்போன மனைவி வெகுகாலம் கழித்து வந்து பழைய வீட்டுக் கதவைத் தட்டினாள். யார் திறப்பார்கள் என்று பார்க்க மார்கரீத் பொத்தானை அழுத்தினாள். படுக்கையிலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் சொல்லும் அருள் நிறைந்த மரியே செபத்தின் பின்பாதி, ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பது. பூசையில்கூட ஒகுஸ்த் வாய்திறந்து அவள் பார்த்ததில்லை. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

"என்ன மார்கோ, தூங்கிட்டியா? அடுத்த மணிய உருட்டு."

டிக். செபித்தார். டிக். பக்கங்கள் படிக்கப்படாமலே ஓடின. கதவு திறந்ததோ என்னவோ, யாரோ அழுதார்கள், ஒரு சவ ஊர்வலம்கூடக் கடந்துபோனது. அவள் நிறுத்தியபோதெல்லாம் அவர் விரல்கள் போர்வையைப் பிசைந்தன.

அவள் கட்டைவிரல் மற்றொரு பொத்தானுக்கு நகர்ந்தது. முந்தைய பக்கத்துக்குப் போவது. அதற்கும் அதே சத்தம்தான். ஒகுஸ்த் ஒவ்வொரு மணியாக முன்னே போய்க்கொண்டிருந்தார். சிவப்பு வெளிச்சத்தில் ஊர்வலம் பின்னோக்கி நடந்து வீட்டுக்குள் புகுந்தது, அழுதவர்கள் ஓய்ந்தார்கள், சாத்திய கதவுக்கு வெளியே, தட்டத் தூக்கிய கையோடு அந்தப் பெண் நின்றாள்.