ஒரு நூல் தள்ளி

தையல்கடைக்காரிக்கு வாய் ஓயாது. பல்லில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே நாலு பேருக்குப் பதில் சொல்கிறவள். அப்படிப்பட்டவளிடம், "கதிர் விழும்போது இருபது செகண்ட் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கணும், பேசக் கூடாது" என்று ஆஸ்பத்திரி டெக்னீஷியன் பெண் சொன்னபோது, கூட வந்த நாத்தனார் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

இடது மார்பிலிருந்த கட்டியை ஆபரேஷனில் எடுத்தாயிற்று. மிச்சம் மீதி ஒளிந்திருந்தால் அதைக் கதிர்வீச்சு பார்த்துக்கொள்ளும். மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தால் இதயம் கதிரின் வழியிலிருந்து விலகிக்கொள்ளும். அதற்குத்தான் இந்த வாய்ப்பூட்டு.

வீட்டில் ஒத்திகை நடந்தது. கணவர் போனில் நேரம் பார்த்தார். பதினொன்றாவது செகண்டில், "அடுப்புல பால் பொங்குது" என்றாள்.

"போச்சு, மறுபடியும் முதல்லேருந்து" என்றார் அவர்.

ஒரு வாரத்தில் இருபத்தைந்தைத் தொட்டாள். பதினைந்து நாள் சிகிச்சையில் ஆறு நாள் சிக்கலில்லாமல் ஓடியது.

ஏழாம் நாள் மேஜையில் படுத்திருந்தாள். மேலே நின்ற மெஷினின் கண்ணாடியில் அவள் உடம்பே தெரிந்தது. நெஞ்சில் வைத்த மைப்புள்ளியும், குறி பார்க்க அதன்மேல் விழவேண்டிய சிவப்பு லேசர் கோடும்.

"ஏம்மா, கோடு ஒரு நூல் தள்ளி விழுது."

"நூலா?"

"இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு. உங்க கணக்குல மூணு மில்லிமீட்டர்."

"படம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் கதிர் விடுவோம்க்கா. பயப்படாதீங்க."

படம் வந்தது. டெக்னீஷியன் போனை எடுத்தாள். கதிர் அளவைக் கணக்குப் போடும் இயற்பியலாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி வந்து சேர்ந்தார்.

"இத்தனை நாளும் தப்பா விழுந்துச்சா சார்?"

"இல்லம்மா. தினமும் படம் பார்த்துத்தான் விடுறோம், நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சு. ஆபரேஷன் வீக்கம் வத்திருக்கு, உடம்போட வடிவமே மாறியிருக்கு. மூணு மில்லிமீட்டர்தான், நீங்க சொன்ன அதே அளவு. இன்னைக்கு வேணாம். திரும்ப ஸ்கேன் எடுத்துப் புதுசா பிளான் போட்டுடறேன்."

"பழைய அளவுச் சட்டையை வச்சு வெட்டினா இப்படித்தான் சார் ஆகும்."

அவர் சிரித்துவிட்டார். "அடுத்த வருஷம் இங்க வர்ற மெஷின் தினமும் புதுசா அளவெடுக்கும். நீங்க படுத்திருக்கும்போதே பிளானை மாத்திக்கும். சில பேருக்கு அஞ்சே நாள்ல வேலை முடிஞ்சிடும்."

"அதுக்குத் தையல் தெரியும்னு சொல்லுங்க."

இரண்டு நாள் கழித்துப் புது பிளானில் ஆரம்பித்து, மிச்ச நாட்களையும் முடித்தாள். தோல் கொஞ்சம் கறுத்துக் காந்தியது, களிம்பில் அடங்கியது. மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர்.

நாத்தனார் ஆட்டோ பிடிக்கப் போனாள். அன்றுதான் முதல் நாள் போலும், வராந்தாவில் ஒரு பெரியவர் சீட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உள்ளே வலிக்குமாம்மா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒண்ணும் தெரியாதுங்க. ரூம்தான் ஜில்லுனு இருக்கும். நாளைக்கு சாக்ஸ் போட்டுட்டு வாங்க."